எத்தனை வாட் வேண்டும்?

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை போன்ற ஓர் ஊரில் அம்மன் கோயில் கொடை நடக்கும் இரவை நினைத்துக்கொள்ளுங்கள். வில்லுப்பாட்டு தொடங்கிவிட்டது. பந்தற்காலின் உச்சியில் குழாய் ஒலிபெருக்கி ஒன்று. கீழே மேசைமீது 30 வாட் ஆம்பிளிபயர் ஒன்று. பாட்டு வயல்களைத் தாண்டி அடுத்த ஊர்வரை கேட்கிறது. மறுநாள் அதே ஊரில் ஒருவர், தாம் புதிதாக வாங்கிய இரண்டு மரப்பெட்டி ஒலிபெருக்கிகளை வீட்டில் 30 வாட் ஆம்பிளிபயருடன் இணைக்கிறார். ஒலியைச் சற்றுக் கூட்டியதும் தாளம் ஓங்கும் இடங்களில் பாட்டு கரகரக்கிறது. ஊருக்கே போதிய வாட், ஓர் அறைக்குப் போதவில்லையே! இது எப்படி?

இதற்கு விடை, நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட ஒலிப்பொறியியல் வரலாற்றில் இருக்கிறது. ஆம்பிளிபயர் வாங்க எண்ணும் எவரும் அதை அறிந்துகொண்டால் பணம் வீணாகாது.

ஒரு வாட்டில் தொடங்கிய கதை

மெலிந்த மின்குறியைப் பெருக்கும் வழி 1906-இல் பிறந்தது. அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் அமைத்த மும்முனை வால்வுதான் அதற்கு வித்து. பெருக்கிய மின்சாரத்தை ஒலியாக்க நல்ல கருவி வேண்டுமே? 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ரைசும் கெல்லாகும் அதைத் தந்தனர். காந்தப் புலத்தில் தொங்கும் கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு. இன்று உங்கள் வீட்டில் உள்ள ஒலிபெருக்கியும் பெரும்பாலும் இதே அமைப்புதான். அவர்கள் அதனுடன் அமைத்த ஆம்பிளிபயரின் திறன் ஏறத்தாழ ஒரே ஒரு வாட்!

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, நம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் இருந்த வால்வு ரேடியோக்களின் திறனும் மூன்று நான்கு வாட்டுக்கு மேல் இராது. ஆயினும் கடை முழுதும் பாட்டு நிறைந்தது. அக்காலக் கூம்புகள் இலேசானவை. சிறிது மின்சாரத்துக்கே நன்கு அதிரும். ஆனால் மிக ஆழ்ந்த அடியொலியை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

இதற்கிடையே ஒலியின் தூய்மையும் வளர்ந்தது. 1927-இல் ஹெரால்டு பிளாக் என்ற பொறியாளர், ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது ஓர் எண்ணம் தோன்றி, கையிலிருந்த செய்தித்தாளிலேயே அதை வரைந்தார். வெளியீட்டில் ஒரு பகுதியை எதிர்த்திசையில் உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பினால், ஆம்பிளிபயர் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதே அது. 1947-இல் வில்லியம்சன் என்பவர் இம்முறையில் அமைத்த 15 வாட் ஆம்பிளிபயர் உயர்தர ஒலிக்கு முன்மாதிரியாயிற்று.

பெட்டி சிறுத்தது, வாட் பெருத்தது

1954-இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் காற்றுப் புகாத சிறு பெட்டியில் ஒலிபெருக்கியைப் பொருத்தினார். உள்ளே அடைபட்ட காற்றே வில்சுருள்போல் கூம்பை ஏந்தி நின்றது. அலமாரியில் வைக்கத்தக்க பெட்டியிலிருந்து ஆழ்ந்த அடியொலி வந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கனமான கூம்பை அசைக்க நிறைய மின்திறன் தேவைப்பட்டது. சிறிய பெட்டி, ஆழ்ந்த அடியொலி, குறைந்த வாட் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிட்டா. இரண்டைப் பெற்றால் மூன்றாவதை விட்டாக வேண்டும். இது இயற்கை விதி.

நல்லவேளையாக டிரான்சிஸ்டர் கைகொடுத்தது. 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அது, 1960-களில் பெருந்திறன் சிலிக்கான் வடிவில் வந்து வாட்டை மலிவாக்கியது. நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகள் நன்கறிந்த 2என்3055 இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இப்போது கொடைப் பந்தலுக்கு வருவோம். குழாய் ஒலிபெருக்கி தன் விரிந்த வாயால் காற்றை நன்கு பற்றிக்கொள்கிறது. ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தொலைவில் 105 டெசிபெலுக்கு மேல் ஒலிக்கும். வீட்டு மரப்பெட்டியோ 84 முதல் 90 டெசிபெல்தான் தரும். பெற்ற மின்திறனில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அது ஒலியாக்குவதில்லை, மற்றது வெப்பமாகிறது. இருபது டெசிபெல் வேறுபாடு என்பது நூறு மடங்கு வாட்! ஆனால் வில்லுப்பாட்டுக் குடத்தின் ஆழ்ந்த அடியொலி குழாயில் வராது, மரப்பெட்டியில் வரும். நாம் கூடுதல் வாட் செலவிடுவது அதற்காகத்தான்.

உங்கள் அறைக்கு ஒரு கணக்கு

இரண்டு விதிகளை நினைவில் வையுங்கள். வாட்டை இரட்டித்தால் மூன்று டெசிபெல் கூடும். காதுக்கு இருமடங்கு உரக்கத் தோன்றப் பத்து டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 40 வாட்டுக்குப் பதில் 50 வாட் வாங்கினால் வேறுபாடு காதுக்கு எட்டுவதே அரிது.

உங்கள் ஒலிபெருக்கி ஒரு வாட்டுக்கு 87 டெசிபெல் தருவது என்று கொள்வோம். சாதாரண அறையில் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால், இரு பெட்டிகளும் சேர்ந்து சுமார் 82 டெசிபெல் எட்டும். பாட்டின் சராசரி 78 டெசிபெல் போதும். அதற்கு அரை வாட்டே தேவை! ஆனால் தவிலின் ஓங்கிய அடி சராசரியைவிட இருபது டெசிபெல் உயரலாம். அந்தக் கணப்பொழுதில் 98 டெசிபெல் வேண்டும். 82-க்குமேல் 16 டெசிபெல் என்றால் 40 மடங்கு; ஆக ஒவ்வொரு பக்கமும் 40 வாட். ஒலிபெருக்கி 84 டெசிபெல் வகையானால் 80 வாட். 90 டெசிபெல் வகையானால் 20 வாட் போதும். குற்றாலச் சாரல் காலத்தில் தகரக் கூரைமேல் மழை கொட்டினால் இக்கணக்கும் போதாது. அப்போது வாட்டைத் தேடாதீர்கள், மழையைக் கேளுங்கள்!

பெட்டிமேல் எழுதிய வாட்

1960-களில் வணிகப் போட்டியால் வாட் கணக்கில் புனைவு புகுந்தது. அமெரிக்காவில் 1974-இல் அரசு ஆணையம் ஒரு விதி கொணர்ந்தது: எத்தனை ஓம் சுமையில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு ஒலித்திரிபுடன், தொடர்ந்து எத்தனை வாட் தரும் என்று விளம்பரத்திலேயே கூறவேண்டும். நம் கடைகளில் பிற்காலத்தில் "பி.எம்.பி.ஓ. 1000 வாட்" என்று அச்சிட்ட பெட்டிகள் மலிந்தன. இவ்வெண்ணுக்குப் பொருளே இல்லை. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் 12-0-12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால், 24-ஐ 2-ஆல் பெருக்குங்கள், 48 தான். உள்ளே 48 போனால் வெளியே 1000 எப்படி வரும்?

இன்னொரு எச்சரிக்கை. பெரிய ஆம்பிளிபயர்தான் ஒலிபெருக்கியைக் கருக்கும் என்று பலர் அஞ்சுகின்றனர். சிறிய ஆம்பிளிபயரும் கருக்கும்! 8 ஓம் சுமையில் 40 வாட் தர மின்னலையின் முகடு 25 வோல்ட் உயரவேண்டும். ஆம்பிளிபயருக்குள் அவ்வளவு வோல்ட் இல்லாவிடில் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அதுவே நாம் கேட்ட கரகரப்பு. தட்டையான அலையில் மேலதிர்வெண்கள் மிகுதி. அவை மெல்லிய ட்வீட்டரைச் சூடாக்கிக் கருக்கிவிடும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒலிபெருக்கியின் டெசிபெல்லையும் ஓமையும் குறித்துக்கொள்ளுங்கள், அறையை அளந்துகொள்ளுங்கள். தேவையான வாட்டுக்குச் சற்று மேலே வாங்குங்கள். கரகரக்கத் தொடங்கினால் ஒலியைக் குறையுங்கள். காதுக்கும் எல்லை உண்டு. வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரமே பாதுகாப்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆம்பிளிபயர் பழுதானால் மாற்றலாம். காதை மாற்ற முடியாது.