டாய்லெட்டில் ஃப்ளஷ் சரியா போகலையா? பிளம்பரை கூப்பிடும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்க!

பட்டனை அமுக்கினால் சத்தம் மட்டும் வருது, கழிவு போகாமல் அங்கேயே நிற்குது. மதுரை - தேனி சாலையில் இருக்கும் நாகமலை புதுக்கோட்டை போன்ற புறநகர்களில், போர் தண்ணீரையும் செப்டிக் டேங்கையும் நம்பியிருக்கும் வீடுகளுக்கு இது பழகிப்போன தொல்லை. உடனே புது ஃப்ளஷ் டேங்க் வாங்க கிளம்பிடாதீங்க.

முதலில், கோப்பையில் தண்ணீர் ஏறி நிற்காத நேரமாகப் பார்த்து, ஒரு வாளி தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சர்ரென்று இறங்கினால் அடைப்பு இல்லை, கோளாறு மேலே இருக்கும் டேங்கில். தண்ணீர் மேலே ஏறி மெதுவாக இறங்கினால், கோளாறு கீழே.

டேங்கில் கோளாறு என்றால்?

டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் கோடு வரை தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். குறைவாக இருந்தால் மிதவையை கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே போதும். நிரம்பவே நேரம் எடுத்தால், தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சின்ன வடிகட்டியில் மண் அடைத்திருக்கலாம்.

டேங்க் நிறைய தண்ணீர் இருந்தும் வேகம் இல்லையா? கோப்பையின் விளிம்புக்கு அடியில் இருக்கும் துளைகளைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் வெள்ளையாக படிவு கட்டி இந்த துளைகள் அடைத்துவிடும். கழிவைத் தள்ளிக்கொண்டு போவது தண்ணீரின் வேகம்தான். அளவு சரியாக இருந்தும் சொட்டு சொட்டாக வந்தால் பிரயோஜனம் இல்லை. வினிகரில் நனைத்த துணியை இரவு முழுக்க விளிம்புக்கு அடியில் வைத்து, காலையில் பிரஷ்ஷால் தேய்த்தால் படிவு இளகும். ஆசிட் ஊற்றுவது நம்ம ஊர் பழக்கம். ஆனால் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது ஆபத்து.

கீழே கோளாறு என்றால்?

ஒரு டாய்லெட்டில் மட்டும் என்றால், ரப்பர் பம்ப் வைத்து அமுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டில் இருக்கும் எல்லா டாய்லெட்டும் மந்தமாக இருந்தால், செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கலாம், அல்லது அதன் காற்றுக்குழாய் அடைத்திருக்கலாம். 2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை கழிவை எடுக்க வேண்டும். வீடு கட்டியதிலிருந்து திறக்கவே இல்லை என்பவர்கள்தான் இங்கே அதிகம் மாட்டுவார்கள்.

'ஆளை இறக்கி சுத்தம் பண்ணிடலாம்' என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீங்க. 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில், கழிவுநீர் தொட்டியில் மோட்டார் பழுது பார்க்கப் போன 3 தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி உயிரிழந்தார்கள். பாதுகாப்பு கவசம் இல்லாமல் ஆளை இறக்கினால், 2013-ம் ஆண்டு சட்டப்படி முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வீட்டுக்காரரும் தப்ப முடியாது.

கழிவு உறிஞ்சும் லாரிக்கு 14420 என்ற எண்ணில் அழைக்கலாம். லாரி வந்து மூடியைத் திறக்கும்போது குனிந்து எட்டிப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் பீடி, தீக்குச்சியும் கூடாது. உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் மீத்தேன்.