பத்தடி அறைக்குள் ஒரு ரயில்பாதை

மாதிரி ரயில்பாதையின் வரலாறு பெரும்பாலும் இடத்தோடு நடந்த மல்லுக்கட்டின் வரலாறுதான். 1891இல் ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் அளவுக்கு ஓர் எண் வைத்த தண்டவாளங்களைக் காட்டியது. அந்த ரயில்கள் வசதியானவர் வீட்டுக் கூடத்தில் ஓடின. 1922இல் பிங் நிறுவனம் மேசை மேலேயே ஓடும் ரயிலை விற்றது. பிறகு 16.5 மி.மீ. தண்டவாளத்தில் 1:87 அளவும், 1960களில் 9 மி.மீ. அளவும், 1972இல் மார்க்ளினின் 6.5 மி.மீ. அளவும் வந்தன.

சுருக்கியும் இடம் போதவில்லை. 20 மீட்டர் நீளப் பயணிகள் பெட்டி 1:87இல் 23 செ.மீ. வரும். அத்தகைய ஆறு பெட்டிகள் ஒன்றரை மீட்டரை நெருங்கிவிடும். 300 மீட்டர் ஆரமுள்ள வளைவை உள்ளபடி சுருக்கினால், அந்த ஆரமே பத்தடிச் சுவரைவிட நீளம்.

எனவே அடுத்த கட்டத்தில், எதை விட்டுவிடுவது என்று கற்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் சி. ஜே. ஃப்ரீசர் 1957இல் வெளியிட்ட 'மைனரீஸ்' திட்டம், நகர முனைய நிலையத்தை மடக்கக்கூடிய ஒரு குறுகிய பலகையில் அடக்கியது. ஆலன் ரைட்டின் 'இங்கில்நுக்' இன்னும் சிக்கனமானது. அதில் இரண்டு பாயிண்ட்கள் (பாதை பிரியும் இடங்கள்), மூன்று சைடிங்குகள் (பெட்டிகள் நிற்கும் பக்கப்பாதைகள்). அவற்றில் முறையே ஐந்து, மூன்று, மூன்று வேகன்கள் நிற்கும். மொத்தம் எட்டு வேகன்கள். வேகன்களைக் குறிக்கும் சீட்டுகளை எடுத்து, வந்த வரிசைப்படி ஐந்தைக் கோக்க வேண்டும். அதற்கு 6,720 வரிசைகள் உண்டு. சுற்றிச் சுற்றி ஓடும் வட்டப்பாதை அரைமணியில் அலுத்துவிடும், இது அலுக்காது.

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் ஓர் அறையை மாதிரி ரயிலுக்கு ஒதுக்குபவருக்கு உள்ளூர் வரலாறே பாதி வேலையை முடித்துத் தருகிறது. தீவில் கொடிமலை ரயில் உண்டே தவிர, மலாயா ரயில்பாதை கடலைத் தாண்டவில்லை. அது ஜெலுத்தோங் கரைக்கு எதிரே, பெருநிலத்தில் உள்ள பிறையில் முடிந்தது. பயணிகள் படகேறித்தான் ஜார்ஜ்டவுன் வந்தார்கள். முனையம் என்பதால் வட்டப்பாதை தேவையில்லை. சுவரோரம் ஒன்றரை அடி அகலப் பலகையில் பிறை நிலையம், படகுத்துறை, இங்கில்நுக் பாணியில் ஒரு சரக்குச் சைடிங். மறுமுனையில் பாதை ஒரு தடுப்புக்குப் பின்னே மறைந்தால், அதுவே புக்கிட் மெர்தாஜம் பக்கம். இரு கரைகளுக்கும் இடையிலான ஏறத்தாழ 3 கி.மீ. கடல் 1:87இல் 34 மீட்டர் ஆகும். அதைச் சுவரில் தீட்டிவிடுவதே புத்தி.

தண்டவாள அளவிலும் கவனம் வேண்டும். மலாயா ரயில் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர். கடையில் எளிதாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதை 1:87இல் அதற்கு அகலம் அதிகம். 12 மி.மீ. பாதைதான் சரி. இடம் இன்னும் குறைவென்றால் 1:160 அளவுக்குப் போய், 6.5 மி.மீ. பாதையைப் பயன்படுத்தலாம்.

ஜார்ஜ்டவுன் நிலையத்துக்கோ தண்டவாளமே வேண்டாம். 1907இல் மணிக்கூண்டோடு எழுந்த அந்த ரயில் இல்லாத ரயில் நிலையத்தில் டிக்கெட் விற்றார்கள். அட்டையில் முகப்பை வெட்டிச் சுவரில் ஒட்டினால் போதும். அசல் கட்டடம் இப்போது சுங்கத்துறையிடம் இருக்கிறது.