95 ரூபாய் பயமும் 10 ரூபாய் ஆசையும்

பெங்களூரில் நாலு தமிழர்கள் டீக்கடையில் நின்றால், ஒருவராவது "அன்னிக்கே இன்போசிஸ் ஷேர் வாங்கிப் போட்டிருக்கணும் சார்" என்று பெருமூச்சு விடுவார். அன்றைக்கு வாங்கியிருப்பாரா? சந்தேகம்தான் :-)

1981ல் புனேயில் தொடங்கி 1983ல் பெங்களூருக்குக் குடிவந்த கம்பெனி அது. 1993 பிப்ரவரியில் பங்கு 95 ரூபாய் என்று பொதுமக்களிடம் வந்தபோது போதுமான ஆட்கள் கிடைக்கவில்லை. முந்தின வருஷம் ஏப்ரலில்தான் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்திருந்தது. சூடு கண்ட பூனை அடுப்படிப் பக்கம் போகுமா? கடைசியில் மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிறுவனம் அதே விலைக்கு 13 சதவீதப் பங்கை எடுத்துக் கைகொடுத்தது. ஜூனில் பட்டியலானபோது விலை 145.

இனிமேல்தான் வேடிக்கை. 1994 ஜனவரியில் அதே மார்கன் ஸ்டான்லி இங்கே ஒரு மியூச்சுவல் ஃபண்டை ஆரம்பித்தது. யூனிட் 10 ரூபாய். சந்தை மறுபடி ஏறிக்கொண்டிருந்த நேரம். முந்தியவருக்கே கிடைக்கும் என்று பேச்சு பரவ, விண்ணப்பப் படிவத்துக்கே வரிசை. படிவம் பிளாக்கில் விற்றது. சில நாட்களில் சுமார் ஆயிரம் கோடி ரூபாய் குவிந்தது. பத்து ரூபாய் வாங்கி அதற்கு ஷேர் வாங்கிப் போடும் ஃபண்டு, பட்டியலான அன்றே எப்படி இரண்டு மடங்காகும் என்று பலர் யோசிக்கவே இல்லை. பல வருஷம் அது 10 ரூபாய்க்குக் கீழேதான் கிடந்தது.

ஒரே வருஷ இடைவெளியில் அத்தனை பயமும் இத்தனை ஆசையும் எப்படி? நூறு ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் தொலைக்கும் வலி பெரிது என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979ல் எழுதினார்கள். 2002ல் கானமனுக்கு நோபல் கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்குள் காலமாகிவிட்டார்.

இது மனிதக் குணம் மட்டுமா? யேல் பல்கலைக்கழகத்தில் கீத் சென், வெங்கட் லட்சுமிநாராயணன், லாரி சாண்டோஸ் மூவரும் கபுச்சின் குரங்குகளுக்கு வில்லைகளைக் காசாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வியாபாரி ஒரு ஆப்பிள் துண்டைக் காட்டுவார், பாதி தடவை கூட ஒன்று தருவார். இன்னொருவர் இரண்டைக் காட்டுவார், பாதி தடவை ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார். சராசரி இரண்டிலும் ஒன்றுதான். குரங்குகள் முதல் ஆளிடமே அதிகம் போயின. அந்த ஆய்வு 2006ல் வெளிவந்தது.

காட்டில் இது நல்ல குணம். கூட்டம் ஓடினால் நாமும் ஓட வேண்டும். வீணாக ஓடினால் கொஞ்சம் மூச்சிரைக்கும், நின்று யோசித்தால் உயிரே போகலாம். பங்குச் சந்தையில் புலி கிடையாது. ஆனால் மூளை அதே பழைய மூளை.

அன்று வாங்கிய 100 இன்போசிஸ் பங்கு, போனஸும் பிரிப்பும் சேர்ந்து 2018க்குள் 1,02,400 ஆனது. இதைச் சொல்லி உசுப்பேற்றுபவர்கள், அதே தொண்ணூறுகளில் காணாமல் போன கம்பெனிகளையும் தேக்கு மரத் திட்டங்களையும் சொல்வதில்லை. ஜெயித்த குதிரையைப் பந்தயம் முடிந்தபின் அடையாளம் காட்ட யாராலும் முடியும்.

அடுத்த முறை அலுவலகத்தில் எல்லோரும் ஒரே லே-அவுட்டில் மனை வாங்க ஓடும்போது, இரண்டு நாள் பொறுத்துப் பத்திரத்தைப் படியுங்கள். புலி வராது.