கருப்பு ஜன்னலும் எங்கள் தந்தி மெஷினும்

என் பழைய டெஸ்க்டாப்பில் மகள்வழிப் பேரன் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். நான் எழுதி வைத்திருக்கும் பழங்கதைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு ஃபைலுக்கும் தமிழில்தான் பெயர் வைப்பது என் வழக்கம்.

ஒரு நாள் அவற்றைப் பென்டிரைவில் நகல் எடுக்கலாம் என்று, அவன் சொல்லித் தந்தபடி அந்தக் கருப்பு ஜன்னலைத் திறந்தேன். பட்டியலைப் பார்த்ததும் திக்கென்றது. ‘பெருந்துறை’ என்ற பெயரில் ப-வுக்கு முன்னால் இருக்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றது. கடைசி எழுத்திலும் ற முதலில் வந்து, இணைக்கொம்பு அதன் பின்னால் தொங்கியது. ஃபைல்கள் கெட்டுவிட்டன என்றே நினைத்தேன். உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக ஆங்கில எழுத்துக்கு மாற்ற ஆரம்பித்தேன். 38 பெயர்களை மாற்றி முடித்த நேரத்தில் பேரன் போனில் வந்தான்.

“ஃபைலுக்கு ஒண்ணும் ஆகலீங்க அப்புச்சி. அந்த ஜன்னலுக்குத்தான் தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியலை. வேற டெர்மினல் எமுலேட்டர் போட்டுப் பாருங்க” என்றான்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது எனக்குப் புதிதல்ல. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் செய்தது அதைத்தானே!

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தந்தி என்றாலே வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். அதில் வரும் சேதி ஆங்கிலமாக இருக்கும், இல்லையென்றால் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக இருக்கும். அதற்குக் காரணம் மெஷின். டெலிபிரிண்டரின் காகித நாடாவில் ஓர் எழுத்துக்கு ஐந்து துளை இடம். ஐந்து இடத்தில் துளை போட்டும் போடாமலும் 32 விதம்தான் செய்ய முடியும். ஆங்கிலத்தின் 26 எழுத்தும் எண்களுமே அதில் அடங்காமல், ஒரே குறியை எழுத்துக்கும் எண்ணுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினோம். நம் 247 எழுத்துக்கு எங்கே போவது? இந்த மெஷின்களைச் செய்வதற்கென்றே 1960-ல் சென்னையில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் ஊரிலேயே செய்தும், அது பேசியது ஆங்கில எழுத்துதான்.

கம்ப்யூட்டர் வந்தபோது அதனோடு பேசவும் முதலில் இதே ஜாதி மெஷினைத்தான் பூட்டினார்கள். 1969-ல் அமெரிக்காவில் யூனிக்ஸை உருவாக்கியவர்கள் டெலிடைப்பில் தட்டித்தான் வேலை செய்தார்கள். லினக்ஸில் இன்றும் அந்த ஜன்னலுக்கு உள்ளே ‘டிடிஒய்’ என்றுதான் பெயர். டெலிடைப் என்பதன் சுருக்கம் அது. வண்டியை இடது ஓரத்துக்குத் திருப்புவது, காகிதத்தை ஒரு வரி ஏற்றுவது, மணி அடிப்பது என்று நாங்கள் பழகிய குறிகள் எல்லாம் இன்னும் அதற்குள் இருக்கின்றன.

பிறகு காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்தது. 1978-ல் டிஜிட்டல் நிறுவனம் கொண்டுவந்த விடி-100 என்ற டெர்மினல் பெயர் பெற்றது. அதன் திரையில் 24 வரி, வரிக்கு 80 கட்டம். அந்த 80-ம் 1928-ல் ஐபிஎம் போட்ட துளை அட்டையின் கணக்குதான். பின்னால் அந்தப் பெட்டியும் போய்விட்டது. ஆனால் அதற்கென எழுதிய புரோகிராம்கள் நின்றன. அவற்றுக்காகப் பெட்டியைப் போலவே வேஷம் கட்டி ஆடும் புரோகிராம்தான் டெர்மினல் எமுலேட்டர்.

வேஷம் கட்டும்போது கட்டமும் கூடவே வந்துவிட்டது. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழ் 1991-லேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது. அதன்படி ‘பெருந்துறை’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்குள்ளோ பத்துக் குறி. கொம்பை முன்னால் எழுதினாலும், உள்ளே ப முதலிலும் கொம்பு பிறகும்தான் பதிவாகும். காட்டும்போது இடம் மாற்றிச் சேர்ப்பது ஜன்னலின் பொறுப்பு. 1984-ல் பிறந்த எக்ஸ்டெர்ம் அதைச் செய்யாது. வந்த வரிசையிலேயே கட்டத்தில் போட்டுவிடும். நான் திறந்தது அதைத்தான். கான்சோல் சேர்த்துக் காட்டுகிறது. கட்டக் கணக்கு இடிப்பதால் கர்சர் சில இடங்களில் தள்ளி நிற்கும், அவ்வளவுதான். எம்எல்டெர்ம் என்பது பல மொழி எழுத்துக்கென்றே எழுதப்பட்டது.

வேகம், நிறம், அழகு என்று இளைஞர்கள் ஆயிரம் கணக்குப் பார்ப்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு ஒரே சோதனை போதும். ஜன்னலைத் திறந்து உங்கள் ஊர்ப் பெயரைத் தட்டிப் பாருங்கள். எழுத்து உடைந்தால் ஃபைலைத் தொடாதீர்கள், ஜன்னலை மாற்றுங்கள்.

தந்தி 2013 ஜூலை 14-ஆம் தேதி இரவோடு முடிந்துபோனது. அந்த மெஷினுக்கு நாம் வளைந்துகொடுத்ததில் குற்றமில்லை, அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு வழி இருந்தும், பழக்கத்தில் என் கை தானாக ஆங்கில எழுத்துக்குப் போய்விட்டது. அதுதான் என்னை உறுத்தியது.

38 பெயர்களையும் மறுபடி தமிழுக்கு மாற்ற இரண்டு நாள் பிடித்தது. முதலில் மாற்றியது ‘பெருந்துறை’யைத்தான். கொம்பு அதன் இடத்தில் வந்து நின்றது.