மன்னார் காற்றாலை எதிர்ப்பு

மன்னார் காற்றாலை எதிர்ப்பு என்பது இலங்கையின் வடமேல் முனையிலுள்ள மன்னார் தீவில் காற்றாலைகள் அமைவதை எதிர்த்து மீனவர்களும் ஊர்மக்களும் கத்தோலிக்கக் குருமாரும் சூழலியல் அமைப்புகளும் நடத்திவரும் இயக்கம். காற்றாலைகள் தரையில்தான் நிற்கின்றன. ஆனால் தீவு ஒடுங்கியது, அவை நிற்பது கடற்கரையோரம். அதனால் கடலில் நடப்படும் காற்றாலைகளைச் சுற்றி மற்ற நாடுகளில் எழும் பிணக்குகள் பலவும் இங்கும் எழுந்துள்ளன.

பிணக்கின் வேர் காற்றில் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை வீசும். வடகரை மக்கள் இதைச் சோளகம் என்பர். மன்னார் வளைகுடாவின் திறந்த கடலைக் கடந்து வரும் இக்காற்றை மறிக்க அங்கு மலையோ காடோ இல்லை. இதே காற்று மத்திய மலைநாட்டில் ஏறி, மழையை அங்கேயே கொட்டிவிட்டு, மறுபுறம் இறங்கும்போது சூடேறிவிடுகிறது. கிழக்குக் கரையில் கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கங்களில் நடுப்பகலில் முகத்தைச் சுடும் கச்சான் அதுதான். வாவிக்கரையில் தென்னோலையைச் சலசலக்க வைக்கும் அளவுக்கு வீசினாலும், பெரிய சுழலிகளை ஆண்டு முழுதும் இலாபத்தில் ஓட்டும் சீரான வேகம் அதற்கு இல்லை. மார்கழி, தை மாதங்களில் வீசும் வாடை மன்னாரில் சோளகத்தைவிட மெலிந்தது. ஆயினும் அந்த இரண்டாம் பருவமும் சேர்வதால்தான் மன்னார் மின்பொறியியலாளரின் கண்ணில் பட்டது.

அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க வலு ஆய்வுகூடம் 2003இல் இலங்கைக்கும் மாலைதீவுக்கும் காற்றுவள வரைபடத் தொகுதி ஒன்றை வெளியிட்டது. நாட்டில் நல்ல காற்றுவளமுள்ள பரப்பு ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீற்றர் என்று அது கணித்தது. தரையில் சுமார் 20,000 மெகாவாட், காற்றுள்ள களப்புகளையும் சேர்த்தால் சுமார் 24,000 மெகாவாட் பெறலாம் என்றது. களப்பைக் காலி நிலமாக எண்ணிக் கூட்டியிருப்பது கவனிக்கத்தக்கது. அதில் இறால் பிடிப்பவர் எவரும் அக்கணக்கில் இல்லை. கற்பிட்டியிலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரையான கரையும் மத்திய மலைநாடும் அத்தொகுதியில் முதலிடம் பெற்றன.

நாட்டின் முதல் காற்றாலையை இலங்கை மின்சார சபை 1999இல் அம்பாந்தோட்டையில் அமைத்தது. அது 600 கிலோவாட் சுழலிகள் ஐந்து கொண்ட, 3 மெகாவாட் பரீட்சார்த்த நிலையம். 2010இல் புத்தளம் மாவட்டத்தின் மாம்புரியில் தனியார் நிலையம் வந்தது. கிளிநொச்சி மாவட்டத்தின் புலோப்பளைப் பகுதியில் 2014இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. மன்னாரின் முறை அதன் பின்னரே வந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் ஒப்புக்கொண்ட 20 கோடி டொலர் கடனில், தீவின் தென்கரை நெடுக 30 சுழலிகள் நடப்பட்டன. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட். தம்பபவனி என்ற பெயரில் இந்நிலையம் 2020 டிசெம்பர் 8 அன்று திறக்கப்பட்டது. பறவைக் கூட்டம் நெருங்குவதை ராடரால் கண்டு சுழலியை நிறுத்தும் ஏற்பாடும் அதில் உண்டு.

மக்களின் முறைப்பாடுகளில் முதன்மையானது வெள்ளம். தீவின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீற்றரே உயர்ந்தது. மாரியில் பெய்யும் மழை மணல் திட்டுகளுக்கு இடையிலான தாழ்வுகளில் தேங்கி, வழிந்து, கடலில் சேரும். சுழலி ஒவ்வொன்றுக்கும் கனரக வாகனம் போக வீதி வேண்டும். கிரவல் கொட்டி உயர்த்திய அந்த வீதி தண்ணீருக்கு அணைக்கட்டாகிவிடுகிறது. முன்பு ஓரிரு நாளில் வடிந்த வெள்ளம் இப்போது நாட்கணக்கில் வீட்டு வாசலில் நிற்பதாக ஊரவர் கூறுகின்றனர்.

அடுத்தது கடற்றொழில். தென்கரையில் கரைவலை இழுக்கிறார்கள். படகில் போய் வலையை வளைத்துப் போட்டபின், இரு பக்கமும் வரிசையாக நின்று, அல்லது உழவு இயந்திரத்தில் கட்டி, கயிற்றைக் கரைக்கு இழுப்பர். இதற்குத் தடையற்ற நீண்ட மணற்கரையும், வலை உலர்த்தவும் வாடி போடவும் இடமும் வேண்டும். சுழலிகள் வந்தபின் மீன் கரையை விட்டு விலகிப்போனதாகவும் மீனவர் சொல்கின்றனர்.

பறவைகள் பற்றிய வாதத்தைக் கொழும்பிலுள்ள அமைப்புகளே அதிகம் எழுப்பின. மன்னார் மத்திய ஆசியப் பறவைப் பாதையின் தென்பகுதியில் உள்ளது. குளிர்காலத்தில் பூநாரை உட்பட இலட்சக்கணக்கான பறவைகள் வருகின்றன. அருகிலுள்ள வங்காலை சரணாலயம் 2010 முதல் ராம்சர் ஈரநிலம். கனிய மணல் அகழ்வு பற்றிய அச்சமும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. ஊர்மக்கள் காற்றாலையையும் மணல் அகழ்வையும் ஒரே ஆபத்தாகவே பார்க்கின்றனர்.

இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரில் 250, பூநகரியில் 234 மெகாவாட் என 484 மெகாவாட் திட்டத்தோடு வந்தபோது பிணக்கு நாடளாவியதாயிற்று. கேள்விப்பத்திரம் கோராமலே திட்டம் கொடுக்கப்பட்டது. 2022 யூனில் மின்சார சபைத் தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, இந்தியப் பிரதமரின் அழுத்தம் பற்றி ஜனாதிபதி தம்மிடம் கூறியதாக நாடாளுமன்றக் குழுவில் சொல்லி, பின்னர் அதை மீளப்பெற்றுப் பதவி விலகினார். 2024இல் ஓர் அலகு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலைக்கு அமைச்சரவை இணங்கியது. தீவில் மேலும் 52 சுழலிகள் வரவிருந்தன. வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், சுற்றாடல் நீதி மையம் முதலியன உயர் நீதிமன்றம் சென்றன. பின்னர் பதவிக்கு வந்த புதிய அரசாங்கம் விலையை மீளாய்வு செய்யவே, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

வெளிநாடுகளில் இவ்வகை எதிர்ப்புக்கு வேறொரு முகமும் உண்டு. அமெரிக்காவின் நான்டக்கெற் கடற்பரப்பில் 2001இல் முன்மொழியப்பட்ட, 130 சுழலிகள் கொண்ட கேப் விண்ட் திட்டத்தைக் கோடை விடுதிகளுக்குச் சொந்தக்காரரான செல்வந்தர் பலர் கடற்காட்சி கெடும் என்று எதிர்த்தனர். வழக்குகளில் இழுபட்டு அது 2017இல் கைவிடப்பட்டது. மன்னாரில் காட்சி பற்றிய பேச்சு மிகக் குறைவு. கடலுக்குள் காற்றாலை அமைக்கும் எண்ணம் மன்னார் வளைகுடாவின் இரு பக்கத்திலும் உண்டு. தமிழ்நாட்டுக் கரைக்கு அப்பால் 4,000 மெகாவாட்டுக்கு இந்தியா 2024இல் கேள்விப்பத்திரம் கோரியது. உலக வங்கிக் குழுமத்தின் 2023 அறிக்கை இலங்கைக் கடலில் 56,000 மெகாவாட் வாய்ப்பு உண்டென்றது.

அதானி விலகியபின்னும் உள்ளூர் நிறுவனங்கள் 14 சுழலிகளில் 70 மெகாவாட் அமைக்கும் திட்டங்கள் இருந்தன. 2025 ஓகஸ்ட் தொடக்கத்தில் சுழலிப் பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மக்கள் மறித்தனர். மன்னார் நகரில் பிரஜைகள் குழு தொடர் போராட்டம் தொடங்கியது. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்து, பின்னர் தொடர அனுமதித்தார். செப்டெம்பர் 26 இரவு பொலிஸார் போராட்டக்காரரைத் தாக்கியதில் பலர் காயமடைந்தனர். 29ஆந் திகதி மாவட்டமெங்கும் ஹர்த்தால் நடந்தது.