குருத்தெலும்பைச் சீரமைக்கும் ஜெல்கள்: ஒரு வரலாறு

எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான வெண்ணிறத் திசு மூட்டுக் குருத்தெலும்பு எனப்படுகிறது. முழங்காலில் அதன் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதற்குள் இரத்தக் குழாய்களோ நரம்புகளோ இல்லை. அதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். கொலாஜன் இழைகளாலான வலையும், அதற்குள் சிக்கியிருக்கும் புரோட்டியோகிளைக்கன் என்ற பெரிய மூலக்கூறுகளும் அந்த நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. இடையிடையே சில செல்கள் தனித்தனியே புதைந்து கிடக்கும். அந்த வகையில் குருத்தெலும்பே இயற்கை செய்த ஒரு ஜெல்தான். ஆனால் அது சிதைந்தால் இன்னொரு ஜெல்லை வைத்துச் சரிசெய்யலாம் என்ற எண்ணம் மருத்துவத்துக்கு மிகத் தாமதமாகவே வந்தது.

1743-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடற்கூற்றியலாளர் வில்லியம் ஹன்டர், இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பும் நோய்களும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 25. ஹிப்போகிரட்டீஸ் காலம் முதலே மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட ஒன்றை அதில் அவர் எழுதினார்: குருத்தெலும்பில் ஏற்படும் புண் தொல்லை தருவது, அது ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. இத்துறையின் நூல்கள் பெரும்பாலும் இந்தக் கருத்திலிருந்துதான் இன்றும் தொடங்குகின்றன. காரணம் எளிது. தோலில் காயம் பட்டால் இரத்தம் கசிந்து உறைகிறது. அந்த உறைவின் மேல்தான் புதிய திசு எழுகிறது. குருத்தெலும்புக்கு அந்த வசதி இல்லை.

எலும்பைத் துளைத்தவர்கள்

அப்படியானால் இரத்தத்தை வரவழைத்தால் என்ன? 1950-களின் இறுதியில் பிரிஸ்டல் நகரின் அறுவை மருத்துவர் கென்னத் பிரிடி, குருத்தெலும்பு போன இடத்தில் அடியெலும்பைத் துளையிட்டார். 1980-களில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டெட்மன் கூரிய ஊசியால் சிறு சிறு குழிகள் இடும் முறையை உருவாக்கினார். எலும்பு மச்சையிலிருந்து வரும் இரத்தம் பள்ளத்தில் உறைந்து, அதிலிருந்து ஒரு திசு வளர்கிறது. ஆனால் அது அசல் குருத்தெலும்பு அல்ல, தழும்பைப் போன்ற நார்க் குருத்தெலும்பு. சில ஆண்டுகள் வலி குறையும், பிறகு அது தேயத் தொடங்கும். செலவு குறைவு, செய்வதும் எளிது என்பதால் இம்முறை உலகெங்கும் பரவியது.

செல் தன்னை மறந்த கதை

இன்னொரு வழி, குருத்தெலும்புச் செல்களையே வெளியே எடுத்துப் பெருக்குவது. 1960-களில் இங்கிலாந்தின் ஆட்ரி ஸ்மித் இச்செல்களைத் திசுவிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். ஆனால் ஒரு சிக்கல் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1960-இல் ஹோவர்ட் ஹோல்ட்சரும் அவருடைய குழுவினரும் கோழிக் கருவின் குருத்தெலும்புச் செல்களைத் தட்டில் வளர்த்தபோது, அவை தம் இயல்பை இழந்தன. உருண்டையாக இருந்த செல்கள் தட்டையாகப் படர்ந்து, குருத்தெலும்புக்குரிய பொருளைச் செய்வதை நிறுத்திவிட்டன. எண்ணிக்கை பெருகியது, தொழில் மறந்துபோனது.

இந்த வரலாற்றின் திருப்புமுனையாக நான் கருதுவது 1982-ஆம் ஆண்டை. பால் பென்யா, ஜாய் ஷேஃபர் இருவரும் அப்படி இயல்பிழந்த முயல் செல்களை எடுத்து அகரோஸ் ஜெல்லுக்குள் புதைத்தார்கள். நம் வீடுகளில் இனிப்பு செய்யப் பயன்படும் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் பொருள்தான் அகரோஸ். ஜெல்லுக்குள் படர இடமில்லாததால் செல்கள் மீண்டும் உருண்டையாயின. குருத்தெலும்புக்கே உரிய இரண்டாம் வகைக் கொலாஜனை மறுபடியும் சுரக்கத் தொடங்கின. தான் யார் என்பதைச் செல்லுக்கு நினைவூட்டியது மருந்தல்ல, அதைச் சூழ்ந்திருந்த பொருள். அதுவரை ஜெல் என்பது செல்லைச் சுமக்கும் பாத்திரமாக மட்டுமே எண்ணப்பட்டது. அது செல்லின் வீடு என்று பின்னர் வந்தவர்கள் எண்ணத் தொடங்கியது இங்கிருந்துதான்.

கோத்தன்பர்க் முதல் ஹிரோஷிமா வரை

ஆனால் மனிதர்களிடம் முதலில் முயன்று பார்க்கப்பட்ட முறையில் ஜெல் இல்லை. 1987-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில், நோயாளியின் சொந்தச் செல்களைப் பெருக்கித் திரவமாகவே பள்ளத்தில் விட்டு, எலும்பின் மேலுறையிலிருந்து வெட்டிய துண்டால் மூடித் தைத்தார்கள். மாட்ஸ் பிரிட்பெர்க், லார்ஸ் பீட்டர்சன் ஆகியோரின் குழு 1994-இல் 23 பேரின் முடிவுகளை வெளியிட்டது. தொடையெலும்பு முனையில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முழங்கால் சில்லில் செய்த 7 பேரில் 2 பேருக்கு மட்டுமே அப்படி. 1997-இல் அமெரிக்காவும் இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது.

எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. 2004-இல் வெளியான நார்வே ஆய்வில் 80 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் செல் சிகிச்சையும் மீதிப் பேருக்கு ஊசியால் குழியிடும் முறையும் செய்து ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, வளர்ந்த திசுவின் தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு அறுவைகளும் பெரும் செலவும் தேவைப்பட்ட ஒரு முறை, எளிய முறையை விஞ்சவில்லை என்பது இத்துறைக்குக் கசப்பான செய்தி.

ஜெல்லின் பாதை இதற்கு இணையாக ஓடிக்கொண்டிருந்தது. 1989-இல் ஜப்பானின் வாகிதானி குழுவினர் கொலாஜன் ஜெல்லில் செல்களைப் பொதித்து முயல்களிடம் சோதித்தார்கள். ஹிரோஷிமாவின் மிட்சுவோ ஓச்சி அதே வழியில் மனிதர்களுக்குச் சிகிச்சை செய்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டார். செல்கள் கசிந்து ஓடும் அச்சம் இதில் குறைவு. இம்முறையைச் சார்ந்த தயாரிப்புக்கு ஜப்பான் 2012-இல் ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு தென்கொரியா, தொப்புள்கொடி இரத்தத்தின் தண்டுச் செல்களை ஹயலுரானிக் அமில ஜெல்லுடன் கலந்த தயாரிப்பை அனுமதித்தது. இந்த அமிலம் 1934-இல் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் பளிங்கு நீரில் கண்டறியப்பட்டது. மூட்டு நீரிலும் குருத்தெலும்பிலும் இருக்கிறது.

செல்லே இல்லாத ஜெல்லும் வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் எலிசெஃப் குழுவினர், ஒளி பட்டால் இறுகும் செயற்கை ஜெல்லைக் குழியில் ஊற்றி, காண்ட்ராய்டின் சல்ஃபேட்டிலிருந்து செய்த பசையால் அதைத் திசுவோடு ஒட்டவைத்தனர். 2013-இல் வெளியான ஆய்வில் 15 பேருக்கு இது, குழியிடும் முறையோடு சேர்த்துச் செய்யப்பட்டது. குழியிடுதல் மட்டும் பெற்ற 3 பேரைவிட அவர்களுக்குப் பள்ளம் கூடுதலாக நிரம்பியது. ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

திசுவிலிருந்தே ஜெல்

அகரோஸ், கொலாஜன், ஹயலுரானிக் அமிலம் எல்லாம் ஒற்றைப் பொருள்கள். உண்மையான குருத்தெலும்பில் இருப்பதோ பல பொருள்களின் கூட்டு. அப்படியானால் திசுவையே ஜெல்லாக்கிவிடலாமே என்ற எண்ணம் 2000-களில் வலுப்பெற்றது. விலங்குத் திசுவை எடுத்து, சவர்க்காரப் பொருள்களாலும் நொதிகளாலும் அதன் செல்களை அகற்றுவார்கள். நோயெதிர்ப்பைத் தூண்டுவதில் பெரும் பங்கு செல்களுக்கே உரியது. எஞ்சிய சட்டகத்தைப் பொடித்து, பெப்சின் நொதி சேர்த்த அமிலத்தில் கரைத்து, பிறகு அமிலத்தன்மையைப் போக்குவார்கள். ஆட்டுக்கால் சூப் ஆறினால் உறைகிறது. இந்தக் கரைசலோ நேர்மாறாக, 37 பாகை உடல் வெப்பத்தை அடையும்போது உறைகிறது. எனவே ஊசியால் செலுத்தினால் எத்தகைய பள்ளத்தின் வடிவையும் தானே ஏற்றுக்கொள்ளும். 2008-இல் பிட்ஸ்பர்க்கில் ஸ்டீபன் பேடிலாக் குழுவினர் பன்றியின் சிறுநீர்ப்பைத் திசுவில் இதை விரிவாக ஆராய்ந்தனர். 2014-இல் தென்கொரியாவின் போஹாங்கில் டோங்-வூ சோ குழுவினர் இதயம், கொழுப்பு, குருத்தெலும்பு ஆகிய மூன்று திசுக்களின் ஜெல்களையும் முப்பரிமாண அச்சில் மையாகப் பயன்படுத்தினர். அந்தந்தத் திசுவின் ஜெல்லில் வைத்த செல்கள் அந்தந்தத் திசுவின் பக்கம் சாய்ந்தன. 1982-இல் கடற்பாசிப் பொருள் சொன்னதை இங்கே திசுவே சொன்னது.

குறை இதிலும் உண்டு. குருத்தெலும்பு அடர்த்தியானது, செல்களை முழுதாக நீக்க வேண்டுமானால் கடுமையான பொருள்கள் வேண்டும். அவை நீரைப் பிடித்து வைக்கும் புரோட்டியோகிளைக்கன்களையும் சேர்த்தே கழுவிவிடுகின்றன. கிடைக்கும் ஜெல் அசல் குருத்தெலும்பைவிட மிக மென்மையானது. படி ஏறும்போது முழங்கால் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரத்தைத் தாங்குகிறது. அதனால் நெகிழிச் சட்டகங்களோடு சேர்ப்பது, ஒளியால் இறுக்குவது எனப் பல வழிகளில் ஆய்வாளர்கள் இதை வலுப்படுத்த முயல்கிறார்கள்.

விளம்பரங்கள் மறைக்கும் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். இங்கே சொன்ன சிகிச்சைகளில் பெரும்பாலானவை, விபத்திலோ விளையாட்டிலோ ஏற்பட்ட, எல்லை தெளிவான சிறு காயங்களுக்கானவை. ஜப்பான் 2012-இல் அளித்த ஒப்புதல் முதுமைத் தேய்மானத்தை வெளிப்படையாகவே விலக்கியிருந்தது. கொரியத் தயாரிப்பு தேய்மானத்துக்கும் அனுமதி பெற்றது. அதுவும் தேய்ந்த மூட்டு முழுவதையும் மாற்றுவதல்ல, அதிலுள்ள பள்ளத்தை நிரப்புவதுதான்.