சைலன்சருக்குள் ஒரு வரலாறு

காரைக்கால் பாரதியார் வீதியில் ஒரு மாலை வேளை சற்றே நின்று கேளுங்கள். வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே, கணீரென்று தனித்து ஒலிக்கும் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்று உங்களைக் கடந்து செல்லக்கூடும். இவ்வண்டி கைக்கு வந்ததும் இளைஞர்கள் சிலர் செய்யும் முதல் வேலை, சைலன்சரை அறுத்துவிட்டு நேர்க்குழாய் மாட்டுவதுதான். சத்தம் கூடினால் வேகமும் கூடும் என்பது அவர்கள் எண்ணம். இது சரியா? வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

1984-இல் ஒசூரில் இண்ட்-சுசுகி வண்டி தயாராயிற்று. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவையும், 1986-இல் கவாஸாகி பஜாஜ் கே.பி. 100-உம் வந்தன. எல்லாம் ஏறத்தாழ 100 கன செ.மீ. எஞ்சின்களே. ஆனால் சி.டி. 100 மட்டும் நான்கு வீச்சு எஞ்சின்; மற்றவை இரு வீச்சு.

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் நான்கு முறை ஓடினால் ஒரு வெடிப்பு. இரு வீச்சில் இரண்டு ஓட்டத்திற்கே ஒரு வெடிப்பு. ஆகவே ஆர்.எக்ஸ். 100 தந்தது 11 குதிரைத் திறன், சி.டி. 100 தந்தது சுமார் 7. பெட்ரோல் சிக்கனத்திலோ சி.டி. 100-தான் முந்தி நின்றது. காரணம் என்ன? இரு வீச்சு எஞ்சினில் புகையை வெளியேற்றும் வால்வு இல்லை. சிலிண்டர் சுவரில் துளைகளே உண்டு. புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும்போது, புகை வெளியேறும் துளையும் திறந்தே இருக்கும். கலவையில் ஒரு பகுதி புகையோடு தப்பி ஓடிவிடும்.

இதைத் தடுக்க 1950-களில் வழி கண்டவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். புகைக்குழாயை முதலில் விரிந்து, பின்பு குறுகும்படி அவர் அமைத்தார். வெடிப்பில் எழும் அழுத்த அலை விரியும் பகுதியை அடைந்ததும், ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து புகையை இழுக்கிறது. குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அலையோ, தப்பிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கிணற்றுக்குள் கூவினால் குரல் திரும்பி வருகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும்! வெறும் குழாயே இங்கு வால்வின் வேலையைச் செய்கிறது.

1961-இல் எம்.இசட். பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். இந்த நுட்பமும் அவருடன் ஜப்பான் சென்றது. 1962-இல் சுசுகி வண்டியில் 50 கன செ.மீ. பிரிவின் உலகப் பட்டத்தை அவர் வென்றார்.

இப்போது புரிகிறதா? இரு வீச்சு வண்டியின் புகைக்குழாய் எஞ்சினின் ஓர் உறுப்பே ஆகும். அதன் நீளமும் வடிவமும் எஞ்சினின் சுழற்சி வேகத்தோடு இசைந்தவை. அறுத்தால் அலை வேளை தவறும், இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும், மிஞ்சுவது சத்தம் மட்டுமே. தயாரிப்பாளர் அமைத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது.

ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. எனவே பழைய வண்டி உங்களிடம் இருந்தால் கரியை நீக்குங்கள், தேய்ந்த பிஸ்டன் வளையங்களை மாற்றுங்கள். ரம்பத்தை மட்டும் எடுக்காதீர்கள்!